முதல் பந்தியில் யார்?



ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்தின் பிரசங்கபீடத்தில் நான் இல்லை. உடல்நலம் சரியில்லையோ என்று உங்களில் சிலர் அன்போடு விசாரித்தீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவுக்கு எங்கள் மகள் ஒரு பரிசு கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை புறப்பட்டுத் திங்கட்கிழமை திரும்பும்படி கொல்கத்தாவுக்கு ஒரு சிறு பயணம். அந்நகரின் உணவுகளையும் பானங்களையும் ஒரு வழிகாட்டியின் துணையோடு நடந்து நடந்து சுவைப்பதே அதன் நிகழ்ச்சி நிரல்.

முதலில் நான் மறுத்தேன். ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டுச் சாப்பிடுவதற்கென்று ஊர்விட்டு ஊர் போவது ஒரு குருவானவருக்கு அழகா என்று மனம் கூசியது. சேகரக் கமிட்டியில் தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர், "பானம் என்றால் என்ன பானம் ஐயா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தேநீர், காப்பி, சர்பத் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் அந்த நிரலில் இல்லை என்று உறுதி கூறிய பின்னரே எனக்கு விடுப்புக் கிடைத்தது. ஆனாலும் என் மனத்தை மாற்றியது மகள் சொன்ன ஒரு வார்த்தைதான். "அப்பா, இருபத்தைந்து வருஷமாக அம்மா வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் யாராவது அம்மாவுக்குப் பரிமாறட்டுமே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சனிக்கிழமை காலை, வட கொல்கத்தாவின் குறுகிய தெரு ஒன்றில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தாள். வரலாறு படித்த இளம்பெண். நடக்கத் தொடங்குமுன் அவள் ஒரு காரியம் சொன்னாள்: "ஒவ்வொரு கடையிலும் மூன்று கேள்விகள் கேட்போம். இதைச் செய்தவர் யார்? அவர் எங்கிருந்து வந்தார்? வரும்போது எதை இழந்து வந்தார்?" சாப்பாட்டுக்கும் இழப்புக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முதல் கடையில் ஆவி பறக்கும் கொச்சூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் தைத்த இலையில் வந்தன. அடுத்து ஒரு பழைய இனிப்புக் கடை. பாலைத் திரித்து எடுக்கும் சானாவிலிருந்துதான் வங்காளத்தின் பெரும்பாலான இனிப்புகள் பிறக்கின்றன. பாக்பஜாரில் நொபின் சந்திர தாஸ் 1868இல் ரசகுல்லாவைச் செய்து பெயர் பெற்றார் என்பதை வங்காளியர் பெருமையோடு சொல்கிறார்கள். அதே ரசகுல்லா தங்களுடையது என்று ஒடிசாக்காரரும் உரிமை கோரியதால் இரு மாநிலங்களுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. 1965இல் பால் தட்டுப்பாடு வந்தபோது, முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென்னின் அரசு சானா இனிப்புகளைச் செய்வதற்கே தடை விதித்ததாம். அந்த ஊரார் அதை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கடையில் என்னை நிறுத்தியது வேறொன்று. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஈச்சம் வெல்லம் சேர்த்த சந்தேஷ் ஒன்றைத் தட்டில் வைத்தார்கள். வாயில் இட்டதும் என் கண்கள் கலங்கிவிட்டன. அது கருப்பட்டியின் வாசனைக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தது. என் தாத்தா பனையேறி என்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். விடிலியில் பதநீர் கொதிக்கும்போது பாட்டி அகப்பையால் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார். இங்கே வெயில் காலத்தில் பனையின் பாளையைச் சீவுகிறோம். அங்கே குளிர்காலத்தில் ஈச்சமரத்தின் தண்டையே சீவி, இரவு முழுவதும் சொட்டும் சாற்றை விடியுமுன் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். மரம் ஏறுகிற அத்தொழிலாளரை 'சியூலி' என்பார்கள் என்று வழிகாட்டி சொன்னாள். பளிங்குத் தளமிட்ட கடையில் அந்த இனிப்பை விலைகொடுத்து வாங்கித் தின்கிற எத்தனை பேர், பனியில் மரமேறிய அந்த மனிதனை நினைப்பார்கள்? கருப்பட்டிக் காப்பி குடிக்கும்போது நான் என் தாத்தாவின் தழும்பேறிய மார்பை நினைத்ததுண்டா? உணவுக்கு முன் ஆயிரக்கணக்கான முறை ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். அந்த உணவைச் செய்த கைகள் என் ஜெபத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

என் துணைவியாரோ ஒவ்வொரு கடையிலும் அடுப்பங்கரை வரைக்கும் போய்விட்டார். மொழி தெரியாமலேயே கைஜாடையால் பதம் கேட்டார், பாகு கேட்டார். ஒரு கடையின் சமையற்காரர் கரண்டியையே அவர் கையில் கொடுத்துவிட்டார். பிறகு என்னிடம், "இருபத்தைந்து வருஷத்தில் நீங்கள் இவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டு இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஆகவே அது இன்னும் ஆழமாகத் தைத்தது. வீட்டில் நான் சாப்பிடும்போது என் இடதுகையில் எப்போதும் கைபேசியோ பிரசங்கக் குறிப்போ இருக்கும்.

நண்பகலில் கல்லூரித் தெருவுக்கு வந்தோம். 1918இல் தொடங்கப்பட்ட பாரமவுண்ட் என்னும் சர்பத் கடையில் இளநீர் சர்பத் அருந்தினோம். வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் சொல்லிக்கொடுத்த பக்குவம் அது என்று சொல்கிறார்கள். அதன்பின் அருகிலுள்ள காப்பி ஹவுஸின் மாடியில் அமர்ந்தோம். ஆல்பர்ட் ஹால் என்ற பழைய மண்டபத்தில் 1942இல் தொடங்கிய அந்தக் காப்பிக் கடையை, 1958 முதல் அங்கே வேலை செய்கிறவர்களே கூட்டுறவுச் சங்கமாக நடத்தி வருகிறார்கள். பால் சேராத காப்பியை அங்கே 'இன்ஃப்யூஷன்' என்று கேட்க வேண்டும். கீழே மாணவர்கள் மேசைக்கு மேசை விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வழிகாட்டி தன் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இந்தக் காப்பி ஹவுஸ் திறந்த மறு ஆண்டு 1943. கிராமங்களிலிருந்து இந்நகரத்துக்கு மக்கள் கூட்டங்கூட்டமாய் வந்தார்கள். உணவகங்கள் திறந்திருந்தன. கடைகளில் இனிப்பு இருந்தது. அவர்கள் வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரியும். 'ஃபேன் தாவோ' என்று வடிகஞ்சி கேட்டார்கள்."

வங்காளப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. சிறுவனாக அதைக் கண்ட அமர்த்தியா சென், பிற்காலத்தில் 1981இல் வெளிவந்த தம் நூலில், பஞ்சத்துக்குக் காரணம் உணவு இல்லாமற்போனது மட்டுமல்ல என்று எடுத்துக்காட்டினார். யுத்தகால விலையேற்றத்தில் கூலிக்காரரும் மீனவரும் அரிசியை வாங்கும் சக்தியை இழந்தார்கள். உணவு இருந்தது, அதைப் பெறும் வழி அவர்களுக்கு இல்லை.

வடிகஞ்சி என்ற சொல் என்னை வேறெங்கோ இழுத்துச் சென்றது. என் தாயார் சோறு வடித்த கஞ்சியை ஒருநாளும் கீழே கொட்டமாட்டார். உப்புப் போட்டு ஒரு செம்பில் ஊற்றி மூடி வைப்பார். "யாராவது வருவார்கள்" என்பார். யாராவது வரவும் செய்வார்கள். வருகிறவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, தம் கையால் கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை உடன் இருந்து பேசிக்கொண்டிருப்பார். நான் அந்தத் தாயின் மகன். அந்தக் காப்பியை என்னால் குடித்து முடிக்க இயலவில்லை.

மாலையில் நியூ மார்க்கெட். 1902இல் ஒரு பாக்தாத் யூதர் தொடங்கிய நஹூம் என்னும் ரொட்டிக்கடை இன்றும் அங்கே இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் அதன் பிளம் கேக்குக்காகக் கிறிஸ்தவர்களும் மற்றவர்களும் நீண்ட வரிசையில் நிற்பார்களாம். ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த யூதர்கள் இன்று அந்நகரில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. 1884இல் கட்டப்பட்ட அவர்களுடைய மாகன் தாவீது ஜெபாலயத்தை இஸ்லாமியக் குடும்பத்தார் தலைமுறையாகப் பேணிக் காக்கிறார்கள். இரவில் பிரியாணி. 1856இல் ஆங்கிலேயர் அவத் ராஜ்யத்தைப் பறித்தபின் இந்நகருக்கு வந்து வாழ்ந்த நவாப் வாஜித் அலி ஷாவின் சமையற்காரர்களோடு வந்த உணவு அது. அதிலுள்ள உருளைக்கிழங்கு சிக்கனத்துக்காகச் சேர்க்கப்பட்டது என்பார் சிலர். அக்காலத்தில் அது அரிய பண்டம், ஆகையால் சேர்த்தார்கள் என்பார் வேறு சிலர். எதை இழந்து வந்தார் என்ற அந்தப் பெண்ணின் மூன்றாவது கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாடிழந்தவர்களும் வீடிழந்தவர்களும் தங்களோடு கொண்டுவரக்கூடிய பொருள்களில் ஒன்று கைப்பக்குவம். அந்நகரம் அவர்களுக்கு அடுப்புமூட்ட ஓர் இடம் கொடுத்தது. அதனால் நகரமும் போஷிக்கப்பட்டது.

ஞாயிறு விடியற்காலையில் திரெட்டி பஜாருக்குப் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சர்க்கரை ஆலை வைக்க வந்த ஒரு சீனரைத் தொடர்ந்து அங்கே சீனக் குடும்பங்கள் பெருகின. பனிமூட்டத்தில், தெருவோரத்துச் சிறு மேசைகளில், மீன் உருண்டைச் சூப்பும் ஆவியில் வெந்த பன்களும் விற்கிறார்கள். சூரியன் ஏறுமுன் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. விற்பவர்களில் பலர் முதியவர்கள். 1962 யுத்தத்தின்போது இந்தியச் சீனர் சுமார் மூவாயிரம் பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள் என்பதையும், அதன்பின் பல குடும்பங்கள் நாட்டைவிட்டே போய்விட்டன என்பதையும் வழிகாட்டி சொன்னாள். எஞ்சியவர்கள் நமக்குக் காலை உணவு பரிமாறுகிறார்கள்.

அங்கிருந்து நடந்து பழைய மிஷன் ஆலயத்துக்குச் சென்றோம். அதைக் கட்டியவர் கீர்னாண்டர் என்னும் சுவீடன் தேசத்து மிஷனரி. நம் கடலூரில் 1740 முதல் ஊழியம் செய்து, பிரெஞ்சுக்காரர் அவ்வூரைப் பிடித்த பின் 1758இல் கல்கத்தாவுக்கு இடம்பெயர்ந்தவர். அவரும் இழந்து வந்தவரே. நாங்கள் கடைசி பெஞ்சில் அமர்ந்தோம். நெடுங்காலத்துக்குப் பிறகு, கொடுப்பவனாக அல்லாமல் பெறுகிறவனாகத் திருவிருந்துக்கு முழங்காற்படியிட்டேன். எனக்கு இடப்புறத்தில் முன்பின் அறியாத ஒரு வங்காளி மூதாட்டி இருந்தார். "நீங்கள் யார், எந்த ஊர்" என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் ஓர் இடம் இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் தெருமுனையில் ஒரு தேநீர்க்கடை. அங்கே சிறு மண்குவளையில் தேநீர் தருகிறார்கள். குடித்ததும் உடைத்துப் போட்டுவிடலாம். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்று அறிந்ததும் அவர் முகம் மாறியது. வழிகாட்டி மொழிபெயர்த்தாள். அவருடைய இளைய மகன் இரண்டு ஆண்டுகளாகத் திருப்பூரில் கட்டிட வேலை செய்கிறானாம். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறானாம். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கே யாராவது அவனைச் சாப்பிடக் கூப்பிடுவார்களா?"

சபையாரே, அந்தக் கேள்வியின் முன் நான் ஊமையானேன். என் துணைவியார் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு நம் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தன்று, ஓய்வுநாள் பாடசாலைக் கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த வங்காளத் தொழிலாளர் எட்டுப் பேர் ஆலய வளாகத்தின் மூலையில் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். அன்று அவர்களுக்கு வேலை இல்லை. விடியற்காலையில் அண்டாக்கள் ஏறியது முதல் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் கோயில்பிள்ளை என்னிடம் வந்து, "அந்தப் பையன்களையும் பந்திக்குக் கூப்பிடலாமா ஐயா?" என்று கேட்டார். நான், "முதலில் நம் சபையார் சாப்பிடட்டும். மீதியைக் கொடுத்துவிடலாம்" என்றேன். மூன்று பந்திகள் முடிந்தபோது கறிக்குழம்பு தீர்ந்திருந்தது. ஒரு வாளியில் சோறும் மற்றொன்றில் ரசமும் கொட்டகைக்கு அனுப்பினோம். சாயங்காலம் அவர்களில் ஒருவன் அந்த இரண்டு வாளிகளையும் பளபளவென்று கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, இரு கைகளாலும் என்னிடம் கொடுத்துத் தலைவணங்கிப் போனான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். தர்மம் செய்த திருப்தியோடு அன்றிரவு உறங்கினேன். அவன் பெயரை நான் கேட்கவில்லை.

அசனம் என்பது என்ன? ஒரே தரையில், ஒரே வரிசையில், ஒரே அண்டாச் சோற்றை எல்லாரும் உண்பது. உடன் அமர்ந்து உண்ணாதவர்களை உடன் அமர்த்தியது அல்லவா நம் முன்னோர் அதில் கண்ட மகிமை? நாம் கட்டுகிற கட்டிடத்துக்குச் செங்கல் சுமந்தவர்களை அந்த வரிசைக்கு வெளியே நிறுத்தியவன் உங்கள் குருவானவராகிய நான். வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. கேட்டவருக்கு நான்தான் பதில் சொன்னேன்.

ரூத்தின் புஸ்தகம் இரண்டாம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண்ணுக்கு வயலில் சிந்தியதை எடுக்க அனுமதி கொடுத்ததோடு போவாஸ் நிறுத்திக்கொள்ளவில்லை. சாப்பாட்டு வேளையில் அவளை அழைத்தான். அறுக்கிறவர்களின் அருகே அவள் உட்கார்ந்தாள். வறுத்த தானியத்தை அவனே எடுத்துக் கொடுத்தான். அவள் திருப்தியாய்ச் சாப்பிட்ட பின் மீதியும் இருந்தது. நான் செய்தது மிஞ்சியதை அனுப்பியது. அவனோ சாப்பாடு தொடங்கும்போதே அழைத்தான்.

தேநீர்க்கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "கூப்பிட வேண்டும் ஐயா, நாங்கள் கூப்பிட வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். வழிகாட்டி அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அறியேன். பணம் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. "என் மகன் உங்கள் ஊர் உப்பைத் தின்கிறான். உங்களிடம் நான் எப்படிக் காசு வாங்குவேன்?" என்றார். அந்த மண்குவளையை உடைத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தேன். இப்போது அது என் படிப்பறை மேசையில் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் நம் கட்டிடத்தின் ஒப்பந்தக்காரரைத் தேடிப்போய் அந்த எட்டுப் பேரையும் விசாரித்தேன். கேரளத்தில் எங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார். கைபேசி எண்ணும் இல்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் தருணத்தை நான் இழந்துவிட்டேன். மனந்திரும்புதலுக்கு எப்போதும் சமயம் உண்டு என்று உங்களுக்குப் போதித்திருக்கிறேன். ஆனால் நாம் யாருக்கு அநியாயம் செய்தோமோ அவர்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்ல வேண்டியவனாயிருக்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடியும் அசனம் வருகிறது. நம் ஊர்ச் செங்கல் சூளையிலும் உணவு விடுதிகளிலும் புதிய கட்டிடங்களிலும் வேலை செய்கிற வெளிமாநிலத்தார் பலர் இருக்கிறார்கள். இம்முறை அவர்களை நாமே நேரில் போய் அழைப்போம், பெயர் கேட்டு அழைப்போம், முதல் பந்தியில் நம் நடுவே அமர்த்துவோம் என்று சேகரக் கமிட்டியில் விண்ணப்பித்தேன். பானத்தைக் குறித்து வேடிக்கையாகக் கேட்ட அதே பெரியவர்தான் முதலில் எழுந்து, "நான் பரிமாறுகிறேன் ஐயா" என்றார். அழைப்பதற்கு உங்களில் யார் என்னோடு வருவீர்கள்?

இந்த வாரத்துக்கு ஒரு சிறு பயிற்சியையும் உங்கள் முன் வைக்கிறேன். உணவுக்கு முன் ஸ்தோத்திரம் சொல்லும்போது, கண்களை மூடுமுன் ஒரு நிமிடம் அவற்றைத் திறந்தே வைத்திருங்கள். இதைச் சமைத்தவர் யார் என்று பாருங்கள், அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். வாசலுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இதைத் தொடங்கியிருக்கிறோம். இப்போது சாப்பாட்டு வேளையில் என் கைபேசி அடுத்த அறையில் இருக்கிறது, என் துணைவியாரும் என்னோடு கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் தட்டில் உள்ளதற்காக உமக்கு நன்றி சொல்லுகிறோம். அதை விதைத்த, சுமந்த, சமைத்த கைகளை எங்களுக்குக் காண்பியும். நாங்கள் மீதியை அனுப்பிவிட்டு அமைதியாய் உறங்கின இரவுகளை எங்களுக்கு மன்னியும். தூரதேசத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளை யாராவது சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று ஏங்குகிற நாங்கள், எங்கள் ஊரில் இருக்கும் பிறருடைய பிள்ளைகளைக் கூப்பிட எங்களுக்கு மனம் தாரும். ஆமென்.